வழுக்க வேண்டிய இடமும் பிடிக்க வேண்டிய இடமும்

மேசையோரத்தில் பொருத்திய பிரஸ்ஸின் கைப்பிடியை ஒருவர் இறக்குகிறார். ஏற்கெனவே ஒரு முறை சுட்ட ரைஃபிள் தோட்டாவின் பித்தளைக் கூடு, அதை நசுக்கி அளவுக்குக் கொண்டுவரும் எஃகு டைக்குள் மெல்ல ஏறுகிறது. முக்கால்வாசி போனதும் கை கனக்கிறது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போய்விடும் என்று அழுத்துகிறார், போகவும் செய்கிறது. கைப்பிடியைத் திரும்பத் தூக்கும்போதுதான் சிக்கல் தெரிகிறது. கூட்டின் அடி விளிம்பு மட்டும் பிய்ந்து வெளியே வர, மீதி முழுவதும் டைக்குள்ளேயே இறுகிவிட்டது.

வீட்டில் தோட்டா நிரப்புகிறவர்கள் அநேகமாக எல்லோரும் ஒரு முறையாவது பார்த்திருக்கும் விபத்து இது. யாருக்கும் காயமில்லை, ஆனால் அன்றைய வேலை அதோடு நின்றது. டையைக் கழற்றி வைஸில் இறுக்கி, கூட்டின் அடியில் இருக்கும் சின்னத் துளையைப் பெரிதாக்கி, கால் அங்குல டேப் போட்டு மரை வெட்ட வேண்டும். பிறகு டையின் வாய்மேல் ஒரு வளையத்தை வைத்து, அதன் வழியாகத் திருகாணியை முறுக்க முறுக்கக் கூடு அங்குலம் அங்குலமாக வெளியே வரும். இதற்கென்றே தனிக் கருவிப்பெட்டி கடைகளில் கிடைக்கிறது என்பதிலிருந்தே விபத்து எவ்வளவு சாதாரணமானது என்று தெரிந்துகொள்ளலாம்.

இத்தனைக்கும் காரணம் ஒன்றுதான். அந்தக் கூட்டின் மேல் மசகு தடவ மறந்துவிட்டார்கள், அல்லது தடவியது போதவில்லை. கண்ணுக்கே தெரியாத ஒரு மெழுகுப் படலம் இருந்திருந்தால் கூடு வழுக்கிக்கொண்டு போய்த் திரும்பியிருக்கும். ஆனால் அதே படலத்தைத் துடைக்காமல் தோட்டாவைத் துப்பாக்கிக்குள் போட்டால் அது வேறொரு தொந்தரவுக்கு வழி செய்கிறது. டைக்குள் வழுக்க வேண்டும். துப்பாக்கிக்குள் பிடிக்க வேண்டும். ஒரே பித்தளைச் சுவருக்கு இரண்டு இடத்தில் இரண்டு எதிரான வேலை. இது ஏன் என்று புரிந்துவிட்டால் கூடு தயாரிக்கும் கலையில் பாதி புரிந்த மாதிரி.

சுட்ட கூட்டை மறுபடி நிரப்பும் பழக்கம் அமெரிக்காவில் ஆழமாக வேரூன்றியது. அதற்கு ஒரு சின்னத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. 1866 வாக்கில், வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிரைமர்களில் இரண்டு வகைகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்தன. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி எட்வர்ட் பாக்ஸரின் அமைப்பில் கூட்டின் அடியில் நடுவே ஒரே ஒரு துளை. அமெரிக்கரான ஹைரம் பெர்டனின் அமைப்பில் நடுவிலிருந்து விலகி இரண்டு சிறு துளைகள். நடுத்துளை இருந்தால் மேலிருந்து ஒரு ஊசியை விட்டு வெடித்த பிரைமரைத் தள்ளிவிடலாம். பெர்டன் கூட்டில் அது நடக்காது. அமெரிக்கரின் முறை ஐரோப்பாவில் நிலைத்தது, பிரிட்டிஷ்காரரின் முறை அமெரிக்காவில் நிலைத்தது. அதனால் மறுபடி நிரப்புவதற்குத் தோதான கூடுகள் அமெரிக்கர்களின் கையில்தான் குவிந்தன.

1884-இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் ஜான் பார்லோ என்பவர் ஐடியல் என்ற பெயரில் நிறுவனம் தொடங்கி, இடுக்கி வடிவில் கையடக்கமான நிரப்புக் கருவிகளை விற்றார். வேட்டைக்காரர்கள் அதைப் பையில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போனார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1943-இல், கலிஃபோர்னியாவின் ஓரவில் ஊரில் ஃப்ரெட் ஹன்டிங்டன் புதுவித டை செய்யத் தொடங்கினார். கடையில் குண்டு கிடைக்காத காலம் அது. சுட்டுப் போட்ட .22 கூடுகளின் பித்தளையையே உறையாக்கிப் புதுக் குண்டு செய்ய அந்த டை உதவியது. பாறை இடுக்குகளில் வாழும் மார்மட் என்ற விலங்குக்கு அமெரிக்காவில் ராக் சக் என்று பெயர். அதைச் சுடப் பயன்படும் குண்டு என்ற பொருளில் டைக்கு வைத்த பெயரின் முதலெழுத்துகள்தான் ஆர்.சி.பி.எஸ். இன்று நிரப்புக் கருவி உலகில் மிகப் பரிச்சயமான பெயர்களில் ஒன்று அது. (இந்தியாவில் நிலைமை வேறு. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.)

கூடு செய்யும் பித்தளையில் செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு. இந்த விகிதத்துக்கே தோட்டாப் பித்தளை என்று பெயர் வந்துவிட்டது. குளிர்ந்த நிலையில் இழுத்தால் பிளக்காமல் நீண்டுகொடுப்பதில் பித்தளைகளிலேயே இதற்கு இணையில்லை. தொழிற்சாலையில் வட்டத் தகட்டை முதலில் கிண்ணமாக்கி, சோப்புக் கரைசல் ஊற்றி, அச்சு அச்சாக இழுத்து நீட்டுகிறார்கள். ஒவ்வோர் இழுப்பிலும் உலோகம் இறுகும், இறுகியதைச் சூளையில் காய்ச்சி இளக்குவார்கள், மறுபடி இழுப்பார்கள். நம் ஊர்ப் பாத்திரப் பட்டறையில் தட்டுவதும் காய்ச்சுவதும் மாறி மாறி நடக்கிறதே, அதே உலோக விதிதான் இங்கும். கடைசியில் அடிப்பகுதியை ஓங்கி அடித்து வேண்டுமென்றே கெட்டியாக விட்டுவிட்டு, கழுத்தை மட்டும் சூடாக்கி இளக்குவார்கள். ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் நீலமும் ஊதாவும் கலந்து தெரியும் கறை அந்தக் கடைசிச் சூட்டின் தடம். கடையில் விற்கும் தோட்டாக்களில் அதை மெருகேற்றி அழித்துவிடுவார்கள்.

அடி கெட்டி, கழுத்து மெது. இந்த ஏற்பாட்டின் அருமை சுடும்போது தெரியும்.

1952-இல் வின்செஸ்டர் நிறுவனம் வெளியிட்ட .308 தோட்டாவை எடுத்துக்கொள்வோம். கூட்டின் நீளம் 51 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், அடிப்பகுதியின் குறுக்களவு ஏறக்குறைய 12 மில்லிமீட்டர். அமெரிக்கத் தர அமைப்பு இதற்கு விதித்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. காற்று மண்டல அழுத்தத்தைப் போல 4,200 மடங்கு. பிரைமர் பற்றி, வெடிமருந்து எரிந்து, குண்டு குழலை விட்டு வெளியேறும் அந்த ஓரிரு மில்லிநொடியில், இந்த வாயு பின்பக்கம் கசிந்து சுடுபவரின் முகத்தில் அடிக்காமல் அடைத்து நிற்பது மெல்லிய பித்தளைச் சுவர்தான். முதலில் மெதுவான கழுத்து விரிந்து, துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையின் சுவரோடு ஒட்டும், அடுத்து உடல். தடித்த அடிப்பகுதி மட்டும் அதிகம் விரியாமல் நிற்கும்.

அழுத்தம் இறங்கியதும் நடப்பது இன்னும் அழகானது. எந்த உலோகத்தை இழுத்து விட்டாலும் கொஞ்சம் பழைய நிலைக்குத் திரும்பும். எவ்வளவு திரும்பும் என்பது இரண்டைப் பொறுத்தது: உலோகம் எவ்வளவு பலமாக இருக்கிறது, எவ்வளவு விறைப்பாக இருக்கிறது. இறுகிய பித்தளைக்குப் பலம் கணிசமாக உண்டு, விறைப்போ எஃகில் பாதிதான். ஆகவே நன்றாகவே திரும்பும்: ஆயிரத்தில் நான்கு பங்கு வரை. 12 மில்லிமீட்டர் குறுக்களவில் அது 0.05 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்த இம்மியளவு இடைவெளிதான் கூட்டை அறையிலிருந்து சுலபமாக உருவ விடுகிறது. முழுக்க இளகிய பித்தளை இப்படித் திரும்பாது. சுவரோடு ஒட்டியே கிடக்கும். அடிப்பகுதியைக் கெட்டியாக வைத்த சூட்சுமத்தில் பாதி இங்கே இருக்கிறது.

இருந்தாலும் கூடு முழுதாகப் பழைய அளவுக்கு வருவதில்லை. தான் சுடப்பட்ட அறையின் உருவத்தை ஏறக்குறைய வாங்கிக்கொண்டுதான் வெளியே வருகிறது. இன்னொரு துப்பாக்கியில் அது நுழையாமல் போகலாம். அதே துப்பாக்கியிலும் இரண்டு மூன்று முறைக்கு மேல் இறுக்கும். புதுக் குண்டைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குக் கழுத்தும் குறுகலாக இல்லை. ஆகவே டைக்குள் தள்ளி நசுக்கி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இங்கேயும் பித்தளை திரும்பப் பார்க்கும் என்பதால், வேண்டிய அளவைவிடச் சற்றுச் சிறிதாகவே டையைக் கடைந்திருப்பார்கள்.

இப்போது அந்தச் சிக்கிய கூட்டுக்கு வருவோம். எவ்வளவு மெருகேற்றிய உலோகமும் நுண்ணோக்கியில் மேடும் பள்ளமுமாகத்தான் தெரியும். இரண்டு பரப்புகளை அழுத்தினால் மேடுகளின் நுனிகள் மட்டுமே தொடுகின்றன. அந்தச் சின்ன நுனிகளின் மேல் மொத்தப் பாரமும் விழுவதால் அவை நசுங்கி ஒன்றோடொன்று பற்றவைத்தது போல ஒட்டிவிடுகின்றன. கேம்பிரிட்ஜில் ஃபிலிப் பௌடனும் டேவிட் டேபரும் பல்லாண்டு ஆராய்ந்து 1950-இல் புத்தகமாக்கிய உண்மை இது. உராய்வு என்று நாம் உணர்வதில் பெரும்பங்கு, அந்த ஒட்டுகளைப் பிய்க்கத் தேவைப்படும் விசை. எஃகும் பித்தளையும் ஒட்டினால் பிய்வது மெதுவான பித்தளை. பிய்ந்த துணுக்கு டையின் சுவரில் ஒட்டி நிற்கும். அடுத்த கூட்டில் நீளக் கீறல் போடும். அந்தக் கீறலிலிருந்து இன்னும் கொஞ்சம் பித்தளையைச் சேர்த்துக்கொள்ளும். அப்படியே போனால் ஒரு நாள் கூடு இறுகி நின்றுவிடும்.

கைத்துப்பாக்கித் தோட்டா நிரப்புகிறவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. நேர்க்குழாய் வடிவக் கூட்டுக்கான டையில் டங்ஸ்டன் கார்பைடு வளையம் ஒன்று வைத்திருப்பார்கள். அதில் பித்தளை ஒட்டாது, தொடும் பரப்பும் ஒரு சிறு பட்டை அகலம்தான். ரைஃபிள் கூட்டுக்கோ தோளும் கழுத்தும் உண்டு, உடலும் மேல்நோக்கி லேசாகக் கூம்பும். கடைசிக் கட்டத்தில் உடல் முழுவதும் ஒரே சமயத்தில் டையைத் தொடும். விலை அதிகமான கார்பைடு டை வாங்கினாலும் ரைஃபிள் கூட்டுக்கு மசகு இல்லாமல் முடியாது.

எந்த மசகு? கையில் கிடைத்த மெல்லிய எண்ணெய் போதாது. சுழலும் அச்சில் எண்ணெய் தானே உள்ளே இழுக்கப்பட்டு இரண்டு பரப்புகளையும் பிரித்து வைக்கிறது. மெதுவாக நகர்ந்து கடுமையாக அழுத்தும் டையில் அப்படிப்பட்ட தடித்த படலம் நிற்காது, பிதுங்கி ஓடிவிடும். மூலக்கூறு அளவுக்கு மெலிந்த பிறகும் உலோகத்தை விடாமல் பற்றிக்கொள்ளும் பொருள்தான் இங்கே வேண்டும். 1920-களின் தொடக்கத்தில் வில்லியம் பேட் ஹார்டியும் ஐடா டபுள்டேயும் இந்த வகை உயவைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். நீண்ட சங்கிலி மூலக்கூறின் ஒரு முனை உலோகத்தைப் பற்றிக்கொள்ள, மீதி நீண்டு நின்று எதிர்ப்பரப்பைத் தள்ளி வைக்கிறது என்பது அவர்களின் ஆய்விலிருந்து வளர்ந்த சித்திரம்.

செம்மறியாட்டு ரோமத்தின் மெழுகான லனோலின் இந்த வேலைக்குப் பிறந்தது மாதிரி. அதில் உலோகத்தைப் பற்றும் முனைகள் கொண்ட எஸ்டர்களும் ஆல்கஹால்களும் நிறைய. நிரப்புகிறவர்களில் பலர் லனோலினை அதைவிடப் பல மடங்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, ஒரு தட்டில் பரப்பிய கூடுகள் மேல் தெளிக்கிறார்கள். தெளித்தவுடன் வேலையைத் தொடங்கக் கூடாது. ஆல்கஹால் ஆவியாகிப் போய் மெழுகு மட்டும் படிய சில நிமிடம் ஆகும். ஈரத்தோடு டைக்குள் தள்ளிச் சிக்கவைத்துக்கொள்வது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

இன்னொரு வழி கட்டி மெழுகு. இம்பீரியல் என்ற சிறிய தகர டப்பா மெழுகைப் பழகியவர்கள் மாற்றவே மாட்டார்கள். சுட்டுவிரலால் டப்பாவைத் தொட்டு, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே கூட்டை ஒரு சுற்று உருட்டினால் போதும். அடிக்குச் சற்று மேலே கொஞ்சம் தாராளம், மேலே போகப் போகச் சிக்கனம், தோளில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அதிகம் நசுங்குவது உடலின் அந்தக் கீழ்ப்பகுதிதான். அங்கேதான் மசகு தேவை. தோளில் மிகுந்த மசகுக்கு டைக்குள் போக இடமில்லை. திரவம் சுருங்காது, பித்தளை வளையும். தோளில் நகக்கண் அளவுக்குப் பள்ளம் விழும். டைகளில் பக்கவாட்டில் ஊசித்துளை ஒன்று இருப்பது இப்படி அகப்படும் காற்றும் மசகும் வெளியேறத்தான். சின்னப் பள்ளம் அடுத்த முறை சுடும்போது தானே நிமிர்ந்துவிடும், பயமில்லை. பெரிய பள்ளமும் மடிப்பும் வந்தால் கூட்டைக் கழிப்பதுதான் சரி.

வெளியே தடவியாயிற்று, உள்ளே? டை கழுத்தைத் தேவைக்கு மேல் குறுக்கிவிடுகிறது. பிறகு கூடு இறங்கும்போது ஒரு எஃகு உருண்டை கழுத்தின் உள்ளே உருவிக்கொண்டு போய்ச் சரியான உட்குறுக்களவைத் தருகிறது. உலர்ந்த கழுத்தில் உருண்டை போனால் ‘கிரீச்’ என்று ஒரு சத்தம் எழும். காதுக்குப் பிடிக்காத அந்தச் சத்தத்தில் தகவல் இருக்கிறது: உருண்டை கழுத்தைப் பிடித்து மேலே இழுக்கிறது, தோளும் கூடவே நீள்கிறது, கூடு நீளமாகிறது. சிறு தூரிகையில் கிராஃபைட் அல்லது மைக்காப் பொடியைத் தொட்டுக் கழுத்துக்குள் ஒரு முறை விட்டு எடுத்தால் சத்தம் அடங்கும், நீட்சியும் குறையும்.

இதற்கெல்லாம் முன்னால் கழுவுதல். மண்ணும் கரியும் ஒட்டிய கூட்டில் எவ்வளவு மெழுகு தடவினாலும் பயனில்லை, மணல் துகள் டையைக் கீறிவிடும். பொடித்த வால்நட் ஓடும் மக்காச்சோளச் சக்கையும் போட்ட அதிர்வுத் தொட்டியில் சில மணி நேரம் புரட்டுவது பழைய முறை. துருப்பிடிக்காத எஃகு ஊசிகளோடு சோப்புத் தண்ணீரில் உருட்டுவது புதிய முறை. உலர் முறையில் எழும் தூசியில் பிரைமரிலிருந்து வந்த ஈயம் இருக்கும். இதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும். மூடிய அறையில் தொட்டியைத் திறந்து புடைப்பதும், அந்தக் கையோடு சாப்பிட உட்காருவதும் உடம்பில் ஈயம் சேர்க்கும் வழிகள். சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்தத் தூசிக்குக் கொஞ்சமும் இடம் தரக் கூடாது.

சரி, கூடு அளவுக்கு வந்துவிட்டது. அடுத்த வேலை, பார்த்துப் பார்த்துத் தடவிய மெழுகை முழுவதும் துடைப்பது.

கொழுப்பும் தோட்டாவும் சேர்ந்து வந்தால் இந்திய வாசகருக்கு 1857 நினைவுக்கு வரும். அது காகிதத் தோட்டாவின் காலம். குழலின் முன்வாய் வழியே குண்டை இறக்க, என்ஃபீல்டு ரைஃபிளின் வரிப்பள்ளத்தில் வழுக்கிப் போகக் கொழுப்பு தடவினார்கள். பித்தளைக் கூட்டின் காலத்தில் கேள்வியே வேறு. கூட்டுக்கும் அறைக்கும் நடுவே வழுக்கலாமா என்பதுதான் இப்போதைய விவகாரம்.

.308 கூட்டின் உட்புறம் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், உச்ச அழுத்தத்தில் வாயு கூட்டின் அடியைப் பின்னோக்கித் தள்ளும் விசை ஏறக்குறைய 3.4 டன். இந்த விசையைத் தாங்கி நிற்பது, அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட். ஆனால் உலர்ந்த கூட்டின் சுவர் அறையை இறுகப் பிடிப்பதால் ஒரு பங்கை அந்தச் சுவரே வாங்கிக்கொள்கிறது. சுவரில் எண்ணெய் இருந்தால் பிடி குறைந்து பாரம் அப்படியே போல்ட்டின் மேல் போகும். லீ-என்ஃபீல்டு ரைஃபிள்களைச் சோதித்த பிரிட்டிஷ்காரர்கள் இதையே கருவியாக்கினார்கள். அதிக அழுத்தம் தரும் சோதனைத் தோட்டாவை முதலில் உலர்வாக ஒன்று, பிறகு எண்ணெய் பூசி ஒன்று என்று சுட்டார்கள். எண்ணெய்த் தோட்டாவைத் தாங்கிய பிறகுதான் ரைஃபிள் தேர்ச்சி பெற்றது. நல்ல ரைஃபிள் ஒருமுறை மெழுகு பட்டதற்காக உடைந்துவிடாது என்பதும் இதிலிருந்து தெரிகிறது. ஆனாலும் சோதனைக்காகத் திட்டமிட்டு ஏற்றிய பாரத்தை ஒவ்வொரு சூட்டிலும் போல்ட்டின் தலையில் வைப்பதில் அர்த்தமில்லை.

கிரீஸின் இன்னொரு முகம் 1921-இல் அமெரிக்காவில் தெரிந்தது. ஓஹயோ மாநிலத்தின் கேம்ப் பெர்ரியில் நடக்கும் தேசியத் துப்பாக்கிச் சூட்டுப் போட்டிக்காக ஃபிராங்க்ஃபோர்ட் ஆயுதசாலை தயாரித்த தோட்டாக்களில் குண்டுக்கு வெள்ளீயம் பூசியிருந்தார்கள். குழலுக்குள் உலோகப் படிவு சேராமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. அந்த வெள்ளீயம் காலப்போக்கில் கூட்டின் கழுத்தோடு சூடில்லாமலே ஒட்டிப்போனது. போட்டியாளர்களுக்கோ குண்டின் முனையைக் கிரீஸில் தோய்த்துப் போடும் பழைய பழக்கம். இந்தத் தோட்டாவுக்கு அது வேண்டாம் என்று சொல்லியும் சிலர் விடவில்லை. கழுத்தைச் சுற்றியிருந்த இடைவெளியைக் கிரீஸ் நிரப்பிவிட்டது. விரிந்து குண்டை விடுவிக்க வேண்டிய கழுத்துக்கு விரிய இடமில்லை. அழுத்தம் எகிறி ரைஃபிள்கள் சேதமாயின. பின்னாளில் ஜெனரலாக உயர்ந்த ஜூலியன் ஹேட்சர் இந்தச் சம்பவத்தை விரிவாகவே எழுதி வைத்திருக்கிறார். டைக்குள் தோளைப் பள்ளமாக்கும் அதே சுருங்காத திரவம்தான் இங்கே கழுத்தைப் பூட்டியது.

இயந்திரத் துப்பாக்கி வடிவமைத்தவர்களின் கதை தலைகீழ். கூடு அறையைப் பிடித்துக்கொள்வதுதான் அவர்களுக்குத் தொல்லை. அழுத்தம் முழுதாக இறங்குமுன்பே கூட்டை உருவத் தொடங்கும் வகைகளில், ஒட்டிய சுவர் கூட்டையே இரண்டாகக் கிழித்துவிடும். ஆஸ்திரிய-ஹங்கேரிய ராணுவத்தின் ஷ்வார்ட்ஸ்லோஸ எம்.07 துப்பாக்கியில் தோட்டாக்களுக்கு எண்ணெய் பூச ஒரு பம்ப்பே உள்ளே இருந்தது. 1912-இன் திருத்த வடிவில்தான் அதைக் கழற்ற முடிந்தது. இத்தாலியின் பிரெடா 30-இலும் எண்ணெய்க் கலம் உண்டு. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் அந்த எண்ணெய் மணலைச் சேர்த்துக்கொண்டு சாந்தானது. அமெரிக்காவில் ஜான் பெடர்சன் நுட்பமாக யோசித்தார்: கூட்டின் மேல் செரசின் என்ற கனிம மெழுகை மெலிதாக, உலர்வாகப் பூசினார். தொட்டால் கையில் ஒட்டாத அருமையான பூச்சு. ஆனால் பூசிய தோட்டாவை நம்பியே ஒரு ரைஃபிள் இருப்பதை ராணுவம் விரும்பவில்லை. 1936-இல் படைக்கு வந்தது ஜான் கேரண்டின் ரைஃபிள், உலர்ந்த கூட்டோடு வேலை செய்யக்கூடியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் வந்த ஜி3 ரைஃபிள் மெழுகுக்குப் பதில் வாயுவையே பயன்படுத்தியது. அறையின் சுவரில் நீளப் பள்ளங்கள் வெட்டி, வாயுவைக் கூட்டின் வெளிப்புறமும் விட்டு மிதக்க வைத்தார்கள். அதில் சுட்ட கூட்டின் உடலில் கறுத்த நெடுங்கோடுகள் வரிசையாக இருக்கும். குவியலில் கிடந்தாலும் நிரப்புகிறவர்கள் ஒரே பார்வையில் அதைப் பொறுக்கித் தனியே வைத்துவிடுவார்கள்.

துடைத்த கூட்டை அடுத்துக் கத்தரிக்க வேண்டியிருக்கும். சுடும்போதும் நசுக்கும்போதும் பித்தளை கொஞ்சம் கொஞ்சமாகக் கழுத்துப் பக்கம் நகர்கிறது. .308 கூட்டின் உச்ச நீளம் 51.18 மில்லிமீட்டர், அதை எட்டினால் 50.93-க்கு வெட்டுவது வழக்கம். விட்டுவிட்டால் கழுத்தின் விளிம்பு அறையின் முனையில் இடித்து உள்நோக்கி மடிந்து குண்டைக் கவ்விக்கொள்ளும். மறுபடியும் எகிறும் அழுத்தம். வெட்டிய விளிம்பில் பிசிறு நிற்கும். உள்ளும் புறமும் அதை எடுத்தால்தான் புதுக் குண்டு கீறலில்லாமல் உட்காரும்.

ஐந்தாறு சுற்று போன கூட்டின் கழுத்தில் தலைமுடி போல நெடுக்கில் ஒரு விரிசல் தெரியலாம். விரிவதும் நசுங்குவதுமாக உலோகம் இறுகி, வளையும் குணம் போய்விட்டது. மருந்து, கழுத்தைக் காய்ச்சுவது. பழைய ஆட்கள் தட்டில் பாதி உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பிக் கூடுகளை நிறுத்தி, கழுத்தில் சுடர் காட்டி, நிறம் மாறத் தொடங்கியதும் தண்ணீரில் சாய்ப்பார்கள். எஃகைத் தண்ணீரில் தோய்த்தால் கெட்டியாகும். பித்தளைக்கு அப்படி எதுவும் நடப்பதில்லை. இங்கே தண்ணீருக்கு ஒரே வேலை, சூடு அடிப்பகுதிக்கு இறங்காமல் காப்பது. அடி இளகிய கூடு உச்ச அழுத்தத்தைத் தாங்காது. வாயு பின்னால் பீறிடும். இந்த வேலையில் உயிருக்கே ஆபத்தான தவறு இதுதான். இப்போது மின்தூண்டல் இயந்திரங்கள் சில நொடியில் கழுத்தை மட்டும் சூடாக்கித் தருகின்றன.

கழுத்து வெடிப்புக்கு இந்தியாவோடு தொடர்புள்ள இன்னொரு காரணமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிருந்த பிரிட்டிஷ் படையின் பித்தளைத் தோட்டாக்கள் பெட்டியில் இருந்தபடியே வெடிப்பு விட்டன. மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் சேமித்து வைத்திருந்தவை அவை. யாரும் சுடவில்லை, யாரும் தொடவில்லை. பருவத்தோடு வந்ததால் பருவ வெடிப்பு என்றே பெயரிட்டார்கள். 1921-இல்தான் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் காரணத்தைத் தெளிவாக்கினார்கள். குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா, காற்றின் ஈரம், கூட்டைச் செய்யும்போதே உலோகத்துக்குள் பூட்டப்பட்ட இழுவிசை ஆகிய மூன்றும் கூடினால் பித்தளை தானே பிளக்கும். ஒன்றை எடுத்துவிட்டால் பிளக்காது. மிதமான சூட்டில் காய்ச்சி உள்விசையைத் தணிப்பது தீர்வானது. இன்றும் சில பித்தளைப் பாலிஷ்களில் அம்மோனியா இருக்கிறது. பளபளப்புக்கு ஆசைப்பட்டு அதைக் கூட்டில் தேய்ப்பவர், அந்த லாயத்தின் காற்றைத் தன் மேசைக்குக் கொண்டுவருகிறார். பழுப்பேறிய கூடு ஒழுங்காகச் சுடும்; மினுக்கிய கூடு பிளக்கக்கூடும்.

கடைசியாகச் சோதிக்க வேண்டிய இடம், அடிக்குச் சற்று மேலே, தடித்த பித்தளை மெலியத் தொடங்கும் எல்லை. சுவர் அறையைப் பிடித்து நிற்க, அடி பின்னோக்கித் தள்ளப்படும்போது இழுபடுவது இந்த வளையம்தான். டையை அதிகம் இறக்கி வைத்துத் தோளைத் தேவைக்கு மேல் பின்னுக்குத் தள்ளினால் ஒவ்வொரு சூட்டிலும் கூடு அதிகம் இழுபடும்; தோளை 0.05 மில்லிமீட்டர் தள்ளினாலே போதும் என்று அனுபவசாலிகள் அளவுக்கருவியை வைத்துக்கொண்டு சரிபார்ப்பது இதற்காக. இழுபட்ட இடத்தில் வெளியே பளிச்சென்று ஒரு கோடு தெரியும். ஆனால் மெலிவு தொடங்குவது உள்ளே. காகிதக் கிளிப்பை நிமிர்த்தி, முனையைச் சற்று வளைத்துக் கூராக்கி, கழுத்து வழியாக விட்டு உட்சுவரை மேலும் கீழுமாகத் தடவுகிறார்கள். நல்ல கூட்டில் கம்பி தடையில்லாமல் ஓடும். மெலிந்த கூட்டில் ஓரிடத்தில் பள்ளத்தில் தட்டி நிற்கும். தட்டிய கூட்டின் கழுத்தைக் குறட்டால் நசுக்கிப் பித்தளைப் பழசு வாளியில் போட்டுவிடுவார்கள்; நசுக்காமல் போட்டால் வேறொருவர் எடுத்து நிரப்பிவிடக்கூடும்.